உப்பில்லாத் தட்டில் ஊற்றிய தக்காளி சோஸ்

எங்கள் மாத்தளை ஆஸ்பத்திரிக் குசினிக்குச் சமைக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அரிசியை எத்தனை தண்ணீரில் கழுவுவது, எந்த வார்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி போவது என்பதெல்லாம் ஒரு கிழமையில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதை எழுத நான் உட்காரவில்லை. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். இருபத்தாறு வருடத்தில் பல பிழைகள் செய்தேன். பருப்பைக் கருக விட்டிருக்கிறேன், தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் வேறு எதையோ போட்டிருக்கிறேன். அதெல்லாம் ஒரு நாள் ஏச்சோடு போன பிழைகள். இது அப்படிப் போகவில்லை.

எனக்குப் படிப்புக் குறைவு. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். அதற்காக என்னை யாரும் குறைவாகப் பேசியதில்லை, பேச விட்டதும் இல்லை. ஏனென்றால் எனக்கு நாக்கு இருந்தது. அண்டாவிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினால் போதும், உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, மிளகு இந்த ஊர் மிளகா வெளி மிளகா என்று சொல்லிவிடுவேன். டொக்டர்மார்கூட வேலைக்கு வந்த புதிதில் குசினிப் பக்கம் வந்து, "அந்த அக்கா யாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் நாநா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மாத்தளை டவுனில் வீடு. கலியாண வீடுகளில் பிரியாணி சமைத்துப் பழகி, பிறகு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவர். நல்ல மனிதர். ஆனால் எந்தப் பிரச்சினை வந்தாலும் அது தானாக நடந்து போய்விடும் என்று நம்புகிறவர்.

உப்பில்லாச் சாப்பாட்டுத் தட்டுக்கு நாங்கள் சிவப்பு மூடி போடுவோம். அந்தத் தட்டுகளை வைப்பது என் வேலை. வேறு யாரையும் கிட்டே விடமாட்டேன்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. பிள்ளைகள் வார்டில் ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு பெண் பிள்ளை வந்தது. தர்ஷிகா. ஆறு வயது. உடம்பின் சத்து சிறுநீரோடு போய், முகமும் காலும் வீங்குகிற நோய். கண்கள் இரண்டும் கோடு கிழித்த மாதிரி இருந்தன. தாய் செல்வி, யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பிள்ளையோடு வார்டில் நின்றாள். தகப்பன் ரவி தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து பார்ப்பார்.

பிள்ளையின் உடம்பில் தண்ணீர் நிற்கிறது, உப்பு போனால் இன்னும் நிற்கும் என்று நர்ஸ் மிஸ் சொன்னார். தினமும் காலையில் பிள்ளையை நிறுப்பார்கள். நிறை குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது. மருந்து தொடங்கியதும் நிறை குறைந்துகொண்டு வந்தது. கண்ணும் கொஞ்சம் திறந்தது. ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை.

"இது என்னாது?" என்று என்னிடம் கேட்டது.

"பருப்பு."

"பருப்பு இப்படியா இருக்கும்? நனைஞ்ச துணி மாதிரி இருக்கு."

"நனைஞ்ச துணிய நீ எப்ப சாப்பிட்டுப் பாத்த?"

"இப்பதான்," என்றது.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது எனக்கு மனம் சரியில்லை. மூன்று நாளாகச் சோறு அப்படியே திரும்பியது. செல்வி ஒவ்வொரு பருக்கையாக ஊட்டிப் பார்த்து, கடைசியில் தானும் சாப்பிடாமல் இருந்தாள். பிள்ளை சாப்பிடாவிட்டால் மருந்து எப்படி வேலை செய்யும் என்று அவளுக்குப் பயம். என் சாப்பாட்டை ஒரு பிள்ளை துணி என்று சொன்னது எனக்கு வலி. இரண்டும் சேர்ந்து என்னை ஒரு வேலை செய்ய வைத்தன.

ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் சாப்பாடு கொடுப்பது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியும். அந்த மாதம் ஒரு கடைக்காரர் தகப்பனின் நினைவு நாளுக்கு எல்லா நோயாளிகளுக்கும் பகல் சாப்பாடு கொடுத்தார். சோற்றோடு ஒரு பெட்டி தக்காளி சோஸும் வந்தது. மிஞ்சிய போத்தல்கள் குசினிச் சுவர்த் தட்டில் நின்றன. போத்தலில் பெரிய தக்காளிப் படம். பழுத்த பழம், மேலே பச்சைக் காம்பு, பனித்துளி கூட இருந்தது.

நான் வார்டுக்குப் போய் மிஸ்ஸிடம் கேட்டேன். "மிஸ், ஒன்பதாம் கட்டில் புள்ளைக்குத் தக்காளி குடுக்கலாமா?"

"குடுங்க அக்கா. தக்காளி நல்லம். உப்பு மட்டும் வேணாம்."

நான் கேட்டது தக்காளியை. கொடுத்தது சோஸை. அந்த நேரம் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏமாற்ற நினைத்துக் கேட்கவில்லை. தக்காளியை அரைத்துப் போத்தலில் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நம்பினேன். நம்பியும் நேராக ஊற்றவில்லை. உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். இனிப்பு. பின்னால் புளிப்பு. உப்பு இல்லை. இருபது வருடத்துக்கு மேல் பொய் சொல்லாத நாக்கு இல்லை என்று சொன்னது. சோற்றில் மூன்று கரண்டி ஊற்றிப் பிசைந்து சிவப்பு மூடி போட்டேன்.

தர்ஷிகா தட்டை வழித்துச் சாப்பிட்டது. விரலை நக்கியது. "அக்கா, நாளைக்கும் இந்தச் செவப்புச் சோறா?" என்று கேட்டது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் குசினிக்குத் திரும்பி வந்த நடையைப் பார்த்து நாநா கேட்டார், "என்ன தங்கச்சி, டைரக்டர் பதவி கெடச்சிட்டா?"

வியாழக்கிழமை தொடங்கினேன். பகலும் இரவும் மூன்று மூன்று கரண்டி. செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையின் முகம் மறுபடி உப்பியிருந்தது. நிறை ஏறியிருந்தது.

நான் தட்டுகளைப் பொறுக்க வண்டியோடு உள்ளே போன நேரம் டொக்டர் செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதுப் பெண் டொக்டர். சிங்களத்தில் பேசினார், மிஸ் தமிழில் சொன்னார்.

"சிறுநீர்ச் சோதனை நல்லா வந்திருக்கு. ஆனா வீக்கம் ஏறுது. யாரோ உப்புச் சாமான் குடுத்திருக்காங்க. உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லங்க மிஸ்," என்றாள் செல்வி. "குசினியில இருந்து வர்றதத் தவிர ஒரு பருக்க குடுக்கல."

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கேட்கக்கூட இல்லை, பார்த்தார். நான் தலையை நிமிர்த்திச் சிங்களத்தில் சொன்னேன், "எங்க தட்டுல உப்பு ஒரு துளி கெடையாது டொக்டர். என் கையாலதான் வைக்கிறேன்."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சோஸ் ஊற்றியது அறியாமல் செய்தது. ஆனால் அந்தப் பேச்சை நான் யோசிக்காமல் பேசினேன். நான் பேசியதும் டொக்டருக்கு வேறு வழி இல்லை. குசினி சுத்தம் என்றால் தாய்தான் குற்றவாளி. அவர் செல்வியை ஏசினார். கத்தவில்லை, மெதுவாகத்தான் ஏசினார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உப்புக் கொடுக்கவில்லை என்றால் உள்ளே வேறு ஏதோ கோளாறு இருக்கிறது, நாளைக்குப் பிள்ளையைக் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், அங்கே இன்னும் சோதனைகள் செய்யவேண்டும், இப்போதைக்குத் தண்ணீரை இறக்க ஊசி போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது செல்வி நடையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். புருசனிடம். "ஞாயித்துக்கிழம பையில என்ன கொண்டாந்தீங்க? சொல்லுங்க. நான் தண்ணி புடிக்கப் போன நேரம் என்ன குடுத்தீங்க?" நான் காது கேளாத மாதிரிக் கடந்து போனேன். அந்த ஆள்தான் மிக்சரோ கடலையோ கொடுத்திருப்பான் என்று எனக்கும் தோன்றியது. குசினிக்கு வந்து நாநாவிடமும் அப்படியே சொன்னேன்.

மறுநாள் புதன்கிழமை. மழையில் பாதை அடைபட்டு மரக்கறி லொறி வரவில்லை. ஊழியர்களுக்கு ரசம் வைக்கவேண்டும், தக்காளி இல்லை. போத்தல் சோஸை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றினேன். மிளகு, சீரகம், உள்ளி தட்டிப் போட்டேன். உப்புப் போடுவதற்கு முன் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

உப்பு இருந்தது.

"நாநா, ரசத்துக்கு உப்புப் போட்டீங்களா?"

"நான் இன்னும் அந்த அடுப்புப் பக்கமே வரல்ல தங்கச்சி."

வேறு யாரும் வரவும் இல்லை. இன்னொரு பாத்திரத்தில் வெறும் சுடுதண்ணீர் எடுத்து இரண்டு கரண்டி சோஸைக் கரைத்தேன். மிளகு இல்லை, எதுவும் இல்லை. குடித்துப் பார்த்தேன். தண்ணீரில் இனிப்பும் புளிப்பும் இளகிப்போன பிறகு உப்பு தெளிவாக நின்றது. போத்தலில் இருக்கும்போது சீனியும் வினாகிரியும் அதை மறைத்து வைத்திருந்தன.

விரலில் எண்ணிப் பார்த்தேன். ஆறு நாள், ஒரு நாளைக்கு ஆறு கரண்டி.

நாநாவிடம் சொன்னேன். அவர் கரைத்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, சும்மா ஈங்க. இன்னைக்கு இருந்து சோஸ நிப்பாட்டுங்க. வீக்கம் தானா எறங்கும். யாருக்கும் தெரிய வராது."

"கண்டிக்கு அனுப்பப் போறாங்க நாநா."

"அனுப்பட்டும். பெரிய ஆஸ்பத்திரி, நல்லா பாப்பாங்க. நீங்க போய்ச் சொன்னா உங்க வேல போகும். பென்சனுக்கு இன்னும் மூணு வருசம் ஈக்குது. போத்தல் ஏன் குசினித் தட்டுல இருந்திச்சுன்னு என்னையும் கேப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சோஸை நிறுத்தினால் வீக்கம் இறங்கும்தான். அதனால்தான் அது கஷ்டமான யோசனை. ஆனால் டொக்டர் தவறான கணக்கில் மருந்து கொடுக்கிறார். தேவையில்லாத ஊசி ஆறு வயதுப் பிள்ளையின் கையில் ஏறும். வீக்கம் இறங்கினால் ஊசிதான் இறக்கியது என்று நினைப்பார்கள், பிறகும் போடுவார்கள். எந்த உணவு என்ன செய்தது என்று தெரியாமல் எந்த டொக்டரும் சரியாக யோசிக்க முடியாது. இவ்வளவும் நான் அப்போது இப்படி வரிசையாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ரசத்தை இறக்கி வைத்தேன், போத்தலை ஒரு கையிலும் கரண்டியை ஒரு கையிலும் எடுத்தேன், நடந்தேன். நாநா பின்னால் நின்று, "ரப்பே," என்று இறைவனை அழைத்தார்.

அம்புலன்ஸ் வாசலில் நின்றது. டொக்டர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"டொக்டர், நான் நேத்துச் சொன்னது பொய். பொய்ன்னு தெரியாம சொன்னேன். தட்டுல உப்பு இருந்திச்சு. இதுல." போத்தலை மேசையில் வைத்தேன்.

மிஸ் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்தார். தக்காளி, சீனி, வினாகிரி, உப்பு. உப்பு என்ற சொல் அங்கேயேதான் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு மாதிரி. நான் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவள். ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் போத்தலைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என் நாக்கு போதும் என்று இருந்தேன்.

டொக்டர் என்னை ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் பேனையை மூடினார். "எத்தனை கரண்டி? எந்தக் கரண்டி? எந்த நாளிலிருந்து?" என்று கேட்டார். கரண்டியைக் காட்டினேன். வாங்கி அளவு பார்த்தார். தாளில் எழுதினார். பிறகு கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"அம்புலன்ஸ இப்ப வேணாம்னு சொல்லுங்க," என்று மிஸ்ஸிடம் சொன்னார். "ஊசியும் நிக்கட்டும். ரெண்டு மூணு நாள் பாப்போம்."

டொக்டர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"டொக்டர், ஒண்ணு கேக்கணும். தக்காளி நல்லம்னு மிஸ் சொன்னாங்க. சோஸும் தக்காளிதானே. ஒண்ணு எப்படி நல்லம், ஒண்ணு எப்படிக் கெட்டது?"

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன். பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத பழத்தில், பெரும்பாகம் தண்ணீர். உப்பு இருக்கிறது என்று சொல்லவே முடியாத அளவு. பழத்துக்கே உள்ள இனிப்பு கொஞ்சம். புளிப்பான தேசிக்காயில் இருக்கிற மாதிரிச் சத்து அதில் உண்டு, கூட நேரம் கொதித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். சோஸ் என்பது நிறையத் தக்காளியைக் கொதிக்க வைத்து வற்றவைத்தது. அதனால் சிவப்பு நிறத்தில் இருக்கிற ஒரு சத்து உடம்பில் லேசாகச் சேரும், அது சோஸின் நல்ல பக்கம். ஆனால் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கவும் ருசிக்கவும் சீனியும் உப்பும் போடுகிறார்கள். ஒரு பெரிய கரண்டி சோஸில் கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி சீனி. அந்தக் கரண்டியில் கிடைக்கிற தக்காளிச் சத்து கொஞ்சம், கூட வருகிற உப்பும் சீனியும் நிறைய. "நஞ்சு இல்ல," என்றார். "வீட்டுல நல்லா இருக்கிற புள்ள எப்பயாவது கொஞ்சம் தொட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. இந்தப் புள்ளைக்கு அது உப்புக் கரைசல்."

"அப்ப பச்சத் தக்காளியில நான் ஏதாவது செஞ்சு குடுக்கட்டுமா?"

"செய்யுங்க. ஆனா இனிமே என்ன போட்டாலும் முதல்ல என்கிட்டயோ மிஸ்கிட்டயோ சொல்லணும்." எழுந்து போகும்போது திரும்பினார். "நேத்து அந்தத் தாய நான் ஏசினேன். நீங்க சொன்னதக் கேட்டு ஏசினேன். என் பங்க நான் போய்ச் சொல்றேன். உங்க பங்க நீங்க சொல்லணும்."

செல்வியிடம் சொன்னேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டே பிள்ளையின் காலைத் தடவினாள்.

"அவர நான் என்னென்னமோ பேசிப்புட்டேன் அக்கா," என்றாள். "புள்ளைய கொல்லவா வந்தீங்கன்னு கேட்டேன். அவர் ஒண்ணுமே சொல்லாம போன வச்சிட்டாரு. இப்ப எடுக்க மாட்டேங்கிறாரு."

"நம்பரக் குடு, நான் பேசுறேன்."

"உங்க போன எடுத்தாலும் நான் சொல்லிக் குடுத்துப் பேசுறீங்கன்னுதான் நெனப்பாரு. நேர்ல போய்ச் சொல்லுங்க."

கெஞ்சிக் கேட்கவில்லை. சொல்லித்தான் விட்டாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

அடுத்த நாள் லொறி வந்தது. தக்காளியை நெருப்பில் வாட்டி, தோலை உரித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து மசித்தேன். மிஸ்ஸிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுமதி வாங்கினேன். என் வாழ்க்கையில் ஒரு துவையலுக்கு அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. தர்ஷிகா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"இது அது இல்ல."

"இது அதோட அம்மா," என்றேன்.

"எனக்கு அதுதான் வேணும்."

பாதித் தட்டு சாப்பிட்டது. அதற்கு மேல் போகவில்லை. சோஸைச் சாப்பிட்ட மாதிரி அதை ஒரு நாளும் சாப்பிடவில்லை. சீனி போட்ட பொருளோடு என் கைப்பக்குவம் போட்டியிட முடியாது என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

அதே பகல் இன்னொன்று நடந்தது, அதையும் எழுதவேண்டும். துவையல் மிஞ்சியது. எல்லாச் சிவப்பு மூடித் தட்டிலும் ஒரு கரண்டி வைப்போம் என்று எண்ணினேன். பச்சைத் தக்காளி எல்லாருக்கும் நல்லது என்று டொக்டரே சொல்லிவிட்டாரே என்ற துணிவு. கரண்டியைத் தூக்கிய பிறகு, ஒரு சொல் கேட்டுவிடுவோம் என்று ஆண்கள் வார்டுக்குப் போனேன். அங்கே லக்கலைப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுதான மனிதர். அவருக்கும் உப்பில்லாத் தட்டுதான்.

"அவருக்குத் தக்காளியே வேணாம் அக்கா," என்று அந்த வார்டு மிஸ் கையை ஆட்டினார். "பச்சையா இருந்தாலும் வேணாம். தக்காளியில பொட்டாசியம் இருக்கு. நமக்கு நல்லம். அவருக்கு அது வெளிய போகாது, ரத்தத்துல கூடினா நெஞ்சையே நிப்பாட்டிடும்."

ஒரே சிவப்பு மூடி, ஒரே உப்பில்லாச் சோறு. ஒரு பிள்ளைக்கு நான் பெருமையாக வைத்த அதே கரண்டி இந்த மனிதருக்கு ஆபத்து. சோஸா தக்காளியா எது சத்து என்று யாராவது உங்களிடம் கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் குசினியில் இல்லை, வார்டில் இருக்கிறது. நடந்து போய்க் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

வெள்ளிக்கிழமை காலை நிறை கொஞ்சம் இறங்கியது. சனிக்கிழமை இன்னும். மிஸ் தராசுப் பக்கம் நின்று என்னைப் பார்த்து இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மிஸ் எழுதினார், நான் ஒரு வரிகூட மாற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. நாநாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்களால எனக்கு பிரஷர் ஏறிட்டு. எனக்கும் உப்பில்லாத் தட்டு ஒண்ணு வைங்க," என்றார். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ரவி வழக்கமாக வருகிற நாள்தான், ஆனால் போனையே எடுக்காதவர் அன்று வருவார் என்று செல்வி நம்பவில்லை. காலை பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போனேன். சந்தைக்குள் லொறிகளும் மூட்டைகளும் ஆட்களின் சத்தமும். தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன, அடியில் நசுங்கிய பழங்களின் சாறு ஓடியது. நாலைந்து பேரைக் கேட்டு ரவியைக் கண்டுபிடித்தேன். தோளில் சாக்கு மடித்துப் போட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். நல்ல உயரமான ஆள், கண் சிவந்திருந்தது.

"நான் ஆஸ்பத்திரிக் குசினியில வேல செய்றவ," என்றேன்.

பெட்டியை இறக்கினார். "புள்ளைக்கு என்ன?"

"புள்ள நல்லா இருக்கு. வீக்கம் எறங்குது. அதுக்கு உப்புக் குடுத்தது நீங்க இல்ல. நான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

லொறிக்காரன் ஒருவன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். நாங்கள் ஓரமாக நின்றோம். நான் முழுவதையும் சொன்னேன். படம் போட்ட போத்தல், மூன்று கரண்டி, டொக்டரிடம் நான் நிமிர்ந்து நின்று பேசிய பேச்சு, ரசம். முடிந்ததும் சாக்கை உதறினார்.

"அன்னைக்கு நான் ஒண்ணும் குடுக்கல," என்றார். "ஆனா மிக்சர் வாங்கிட்டுத்தான் போனேங்க. அது சாப்பிடலன்னு அவ முந்தி போன்ல சொன்னதுக்காக. பையில கைய விட்டேன். அது மொகத்தப் பாத்ததும் பயமா இருந்திச்சு. எடுக்கல. அதனாலதான் அவ கேட்டப்ப எனக்கு வாய் வரல. குடுக்கலன்னு சொல்ல வந்தேன், கொண்டு போனது ஞாபகம் வந்திச்சு."

"குடுக்கலதானே," என்றேன்.

"அவ என்னா சொன்னா?"

"உங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லச் சொன்னா."

அவர் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "நாள் பூரா தக்காளி தூக்குறோம். வீட்டுல புள்ளைக்கு சோஸ்தான் வாங்கிக் குடுப்போம். பாணோட தொட்டுக்கக் கேக்கும். தக்காளின்னுதான் நானும் நெனச்சேன்."

பிறகு என்னை நிற்கச் சொல்லிவிட்டு, குழாயில் கை முகம் கழுவி, மேற்பார்வைக்காரரிடம் ஏதோ பேசி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மாத்தளை பஸ்ஸில் இருக்கை இல்லை, வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தோம்.

நாங்கள் வார்டுக்குள் போனது பகல் தட்டுகள் வந்திருந்த நேரம். செல்வி மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். புருசனைப் பார்த்தாள், பின்னால் நின்ற என்னையும் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். "அவ இன்னும் சாப்பிடல."

அவர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். அவள் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். அன்று எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. நான் பஸ்ஸுக்குப் போனேன்.